தெளியாதவை

ஏப்ரல் 11, செவ்வாய்

வுப்போ இன்று பலகையில் போட்டிருக்கும் வழி அறிக்கை முழுவதும் இதுதான்: “போய்ட்டு வந்தேன். நல்லா இருக்கு. ரெண்டாவது ஓடை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. கொஞ்சம் ஆழம். சேறு உண்டு. மோய்.”

மோய் என்பது இந்தக் கரையின் வணக்கம். அறிக்கையை எழுதியவர் எங்கள் சங்கத்தின் தலைவர். கடல் வற்றிக் கிடக்கும் ஐந்து மணி நேரத்துக்குள், ஆட்களைச் சேற்றில் நடத்தி, எதிரே தெரியும் மணல்திட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கரை சேர்ப்பது இந்தச் சங்கத்தின் வேலை. ஒவ்வொரு புயலுக்கும் ஓடைகள் இடம் மாறும். ஒரு வழிகாட்டி போய்வந்து இணையப் பலகையில் எழுதுவதை நம்பித்தான் அடுத்த வழிகாட்டி இறங்குகிறார். இதை நான் இங்கே எழுதத் தேவையில்லை, எனக்குத் தெரியும். வுப்போவுக்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

தள்ளி என்றால் எந்தப் பக்கம்? கொஞ்சம் என்றால் எவ்வளவு? சேறு உண்டாம். கடலடியில் வேறு என்ன இருக்கும், கோதுமை மாவா?

எண் போட்டு ஏழு கேள்விகள் கேட்டேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஏழு கேள்விக்கும் சேர்த்து ஒரே விரல்.

பால் கறக்கும் இயந்திரங்களுக்கு முப்பத்தோரு வருடம் கையேடு எழுதினேன். என் வாக்கியத்தைத் தவறாகப் படித்ததாக ஒரு விவசாயிகூடச் சொன்னதில்லை. மாடுகளும் சொன்னதில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

‘தெளியாதவை’யில் இன்று இரண்டு பதிவுகள் சேர்ந்தன. மொத்தம் 309.

பலகையை ஒழுங்காக வைத்திருக்கும் பொறுப்பை என்னிடம் தந்தபோது நான் ஏற்படுத்திய பெட்டி அது. கலங்கலாக எழுதப்பட்ட பதிவை அதில் தள்ளிவிடுவேன். யாருடைய கண்ணிலும் படாமல் உள்ளே கிடக்கும். கலங்கிய நீரைக் குடத்தில் வைத்தால் தானே தெளியும் அல்லவா? எழுதியவர் யோசித்து, திருத்தி, மறுபடி அனுப்பலாம். பதினோரு வருடத்தில் யாரும் அனுப்பவில்லை. இந்த நாட்டில் படித்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் என்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்களை யாரும் எண்ணவில்லை போலும்.

ஏப்ரல் 20, வியாழன்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஆழச் சொற்களுக்கு ஓர் அகராதி வேண்டும்.

எல்லோரிடமும் அளவு கோடிட்ட தடி இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. வுப்போ அதைச் சாய்ந்து நிற்கவும், கடல்நாயைச் சுட்டிக்காட்டவும் பயன்படுத்துகிறார். எழுதும்போது ஒருவர் ‘நல்ல ஆழம்’ என்கிறார். பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற டியார்ட் ‘போதுமான ஆழம்’ என்கிறார். எதற்குப் போதுமானது? சாவதற்கா?

ஆகவே ஐந்தே சொற்கள். கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு, மார்பு. சங்கத்தின் விதியும் ஏற்கெனவே உடம்பை வைத்துத்தான் பேசுகிறது: இடுப்பு வரை ஆட்களைக் கூட்டிப்போகலாம், அதற்கு மேல் என்றால் திரும்பிவிட வேண்டும். நான் செய்வதெல்லாம் ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லை வகுப்பது மட்டும்தான்.

ஏப்ரல் 29, சனி

எட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் ஓடையில் நானே இறங்கி நின்று சரிபார்த்தேன். குளிர் எலும்புக்குள் போய்விட்டது. மனைவி ஹில்யே கடுகு சூப் வைத்திருந்தாள்.

“உலகத்துலயே இடுப்புன்னா என்னன்னு தெரிஞ்சுக்க ரெண்டு மணி நேரம் தண்ணியில நின்ன ஒரே ஆள் நீதான்” என்றாள்.

தெரிந்ததாக நினைப்பவர்கள்தான் நிற்பதில்லை என்றேன். சூப்பைக் குடி என்றாள்.

மே 3, புதன்

‘ஆழச் சொற்கள்: ஐயத்துக்கு இடமில்லாத விளக்கம்.’ இன்று காலை பத்து மணிக்குப் பலகையில் ஏற்றினேன். மாலைக்குள் பதினோரு கட்டைவிரல்களும், காரணமே தெரியாமல் ஒரு செம்மறியாட்டின் படமும்.

ஹில்யேயிடம் வாசித்துக்காட்டினேன். இடையில் இரண்டு முறை எழுந்து போனாள். முடித்ததும் எப்படி என்று கேட்டேன்.

“உன் எழுத்து கண்ணாடி மாதிரிப்பா.”

“அவ்வளவு தெளிவா?”

“ஆமா. உத்துப் பாத்தா நீ மட்டும்தான் தெரியற.”

மே 9, செவ்வாய்

இன்று வந்தது இந்த ஆண்டின் மகுடம்.

கேஸ்கே என்று ஒரு பெண். ஊர் பேக்கரியில் வேலை. இந்த வசந்தத்தில்தான் வழிகாட்டி உரிமம் வாங்கியிருக்கிறாள். அடுப்பில் ரொட்டி வேகும் இடைவெளியில் போனில் தட்டுகிறாள் என்று நினைக்கிறேன். அகராதியின் கீழே எழுதியிருப்பது இப்படித் தொடங்குகிறது: “மோய் எல்லாருக்கும் நான் வியாழக்கிழம வுப்போ கூட போனேன் அக்காவோட பூட்ஸ போட்டுட்டு அது ஒரு சைஸ் பெருசு அதனால சேத்துல மாட்டிக்கிச்சு அது வேற கதை ஃபிளாஸ்க்கையும் மறந்துட்டு வந்துட்டேன் யாராவது பாத்தா சொல்லுங்க பச்ச மூடி…”

நான்காம் வரியில் நிறுத்திக்கொண்டேன். மனிதனுக்கு இருப்பது ஒரே ஆயுள்.

பதில் எழுதினேன். அதில் திருத்த எதுவும் இல்லை என்பதால் இங்கேயும் குறித்துவைக்கிறேன்:

“அன்புள்ள கேஸ்கே, ஒன்று: உங்கள் பதிவில் 164 சொற்களும் ஒரு முற்றுப்புள்ளியும் உள்ளன, அந்த ஒன்றும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் விழுந்திருக்கிறது. இரண்டு: இது ஆழம் பற்றிய பக்கம், ஃபிளாஸ்க் பற்றியது அல்ல. மூன்று: பூட்ஸ் ‘வேற கதை’ என்று நீங்களே சொல்கிறீர்கள்; பிறகு ஏன் சொன்னீர்கள்? நான்கு: இதில் கேள்வி ஏதேனும் இருந்தால் அதை வெளியே எடுத்து, கழுவி, தனியாக வைக்கவும். ஐந்து: ரொட்டியைத் துண்டு போட்டுத்தானே விற்கிறீர்கள்? வாக்கியத்துக்கும் அதைச் செய்யலாம்.”

பதினான்கு பேர் சிரித்த முகம் போட்டிருக்கிறார்கள். டியார்ட் கூட. ஒரு மணி நேரம் விட்டு, அவள் பதிவைத் ‘தெளியாதவை’க்கு மாற்றினேன். என் பதிலையும் கூடவே அனுப்ப வேண்டியதாயிற்று. தனியாக நின்றால் புரியாது. அதுதான் ஒரே வருத்தம்.

மாலையில் வுப்போ போன் செய்தார். பின்னால் ஆடுகள் கத்தின.

“யோவ் எல்ட்யோ, அந்தப் பொண்ணு புதுசுய்யா.”

“அதனாலதான் இப்பவே சொல்றேன். பழசானா திருந்தாது. உங்களையே பாருங்க.”

“அட போய்யா” என்று வைத்துவிட்டார். விமரிசனத்தை ஏற்கும் பக்குவம் இந்தக் கரையில் எவருக்கும் கிடையாது.

மே 15, திங்கள்

பேக்கரியில் கேஸ்கேதான் இருந்தாள். ஒரு முழுக் கறுப்பு ரொட்டியை ஒரு சொல்கூடப் பேசாமல் விற்க முடியும் என்று இன்றுதான் தெரிந்தது. சுருக்கம் கைவந்துவிட்டது.

மே 24, புதன்

மூன்று வாரமாகப் பலகையில் ஒரு கேள்விகூட இல்லை. அகராதி வேலை செய்கிறது.

ஜூன் 1, வியாழன்

டியார்ட் என்னை விமரிசித்திருக்கிறார். பொதுவில். “எல்ட்யோ, நீங்க எழுதறது தெளிவாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப நீளம். படிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி ஏறிடும்.”

நாற்பது வருடம் மற்றவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேள்வி கேட்ட மனிதர் உரையாடலைப் பற்றிப் பேசுகிறார். நான் விமரிசனத்தை வரவேற்பவன். ஆனால் அது சரியானதாக இருக்க வேண்டும். இதுவரை அப்படி ஒன்றும் வந்ததில்லை.

நீளம் என்ற குற்றச்சாட்டு ஏன் பொருந்தாது என்று தொள்ளாயிரம் சொற்களில் விளக்கினேன்.

ஜூன் 8, வியாழன்

தனியாகப் போய்வந்தேன். நல்ல வெளிச்சம். போன வாரக் காற்றில் இரண்டாவது ஓடை தன் படுக்கையை ஆழமாக்கிக்கொண்டிருக்கிறது. அறிக்கை:

“முதல் ஓடை: முழங்கால். இரண்டாவது ஓடை: இடுப்பு. அடி: கெட்டி மணல். நீரோட்டம்: மிதம், கிழக்கு நோக்கி. கடக்கும் இடம்: சிவப்புக் கம்பத்துக்கு மேற்கே அறுபது தப்படி. மூன்றாவது ஓடை: தொடை. சொற்களுக்கு அகராதியைப் பார்க்கவும்.”

இதைவிடத் தெளிவாக எழுத முடியும் என்று நினைப்பவர்கள் எழுதிக் காட்டட்டும்.

ஜூன் 10, சனி

மத்தியானம் வுப்போ கூப்பிட்டார். மூச்சு வாங்குகிறது.

“மீட்புப் படகு போயிருக்கு. கேஸ்கேவோட கூட்டம். ரெண்டாவது ஓடை. ஒரு அம்மாவ தண்ணி அடிச்சுட்டுப் போயிடுச்சு — புடிச்சிட்டாங்க, புடிச்சிட்டாங்க — உயிரு இருக்கு. நீ எங்கயும் போயிடாத.”

எங்கே போவேன். சமையலறையில் நிற்கிறேன். ரெண்டாவது ஓடை இடுப்பளவுதானே. நான்தானே நின்னேன். நான்தானே அளந்தேன். அவ எங்க கடந்தா? கம்பத்துக்குக் கிழக்கயா? படிக்கத் தெரியாதா அவளுக்கு?

ஜூன் 11, ஞாயிறு

நகரத்திலிருந்து வந்த ஒரு பாட்டுக் குழு. பத்துப் பெண்கள். ஃபென்னா என்பவருக்கு அறுபத்து நான்கு வயது. ஓடையின் நடுவில் கால் தரையை விட்டுவிட்டது. கேஸ்கே தன் தடியை நீட்டி, அதையும் தண்ணீர் கொண்டுபோக, அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு படகு வரும்வரை ஓடையின் ஓரத்தில் தாங்கி நின்றிருக்கிறாள். நாற்பது நிமிடம். மற்ற ஒன்பது பேரும் கரையேறி நின்று, கேஸ்கே கத்திச் சொன்னபடி, உடம்பு விறைக்காமல் இருக்க இடத்திலேயே குதித்துக்கொண்டு பாடியிருக்கிறார்கள். ஃபென்னா மருத்துவமனையில். உடம்புச் சூடு திரும்பிவிட்டது. நாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

வுப்போ கேட்டிருக்கிறார். கம்பத்துக்கு மேற்கே, அறுபது தப்படியில்தான் கடந்திருக்கிறாள். எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

பின்னே எப்படி?

ஜூன் 13, செவ்வாய்

உரிமக் குழு இருபத்து மூன்றாம் தேதி கூடுகிறது. இடுப்புக்கு மேல் தண்ணீரில் ஆட்களை இறக்கினாள் என்பது அவள் மேல் உள்ள குற்றம். விதி தெளிவாக இருக்கிறது, உரிமம் போய்விடும். வேறெந்தச் சங்கமும் பிறகு சேர்க்காது. நியாயம்தான் என்று டியார்டிடம் சொன்னேன். அறிக்கையில் இடுப்பு என்று இருந்தது. ஓடை மார்புக்கு வந்ததும் அவள் திரும்பியிருக்க வேண்டும்.

மாலையில் வுப்போ நேரிலேயே வந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை.

“அவ சொல்றா, இதப் பத்தி மே மாசமே பலகையில கேட்டேன், யாரும் பதில் சொல்லலன்னு. அன்னிக்கு நாங்கல்லாம் உன் பதிலத்தான் படிச்சோம், அவ எழுதினத இல்ல. இப்ப நான் தேடிட்டேன், டியார்டும் தேடிட்டாரு. அப்படி ஒண்ணும் இல்ல. பொய் சொல்ற பொண்ணு மாதிரியும் தெரியல. நீ எதையாவது பாத்தியா?”

“தேடிப் பாக்குறேன்” என்றேன்.

ஹில்யே என்னைப் பார்த்தாள். வுப்போ போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 14, புதன்

பெட்டியைத் திறந்தேன். அதன் சாவியான கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான். இருக்கிறது. 164 சொற்கள்.

மூன்று தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் ஃபிளாஸ்க்கின் பச்சை மூடியில் கண் வழுக்கிவிடுகிறது. முற்றுப்புள்ளி இல்லாத எழுத்து எனக்கு உடம்புக்கே ஒத்துக்கொள்வதில்லை.

ஹில்யே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “குடு இங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சத்தமாக வாசித்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வது போல.

“…சரி விஷயத்துக்கு வர்றேன், அகராதி நல்லா இருக்கு ஆனா ஒண்ணு புரியல, இடுப்புன்னா யாரோட இடுப்பு, ஏன்னா அன்னிக்கு வுப்போ இடுப்புன்னு சொன்ன எடத்துல எனக்கு மார் வரைக்கும் நனைஞ்சுடுச்சு, எல்ட்யோ சார் வுப்போவ விட ஒசரம், அப்ப அவரு இடுப்புன்னு எழுதினா நான் அத எப்படி எடுத்துக்கறது, நான் குட்டையா இருக்கேன்கறது எனக்குத் தெரியும் சிரிக்காதீங்க, ஆனா வர்றவங்கள்ல என்ன மாதிரி ஆளுங்கதான் ஜாஸ்தி, தடியில சென்டிமீட்டர் இருக்கே அத எழுதினா ஆகாதா, தெரியாமத்தான் கேக்குறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.”

முடித்துவிட்டாள். ஒரு தடவைகூட அவளுக்கு இடறவில்லை.

பிறகு கத்தியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் இடுப்பில் ஒரு விரலை வைத்து, அப்படியே நேராகத் தன் உடம்புக்கு இழுத்தாள். விரல் அவள் விலா எலும்பில் போய் நின்றது.

“உருளக்கிழங்கு வெந்துடும். கை கழுவிட்டு வா.”

ஜூன் 15, வியாழன்

அளவு நாடாவை எடுத்து அளந்தேன். என் இடுப்பு 118. ஹில்யேயின் இடுப்பு 98. கேஸ்கேவை அளக்கக் கேட்க முடியாது. 118 அவளுக்கு அக்குளில் வரும்.

ஜூன் 17, சனி

என் தரப்பையும் பார்க்க வேண்டும். அவள் கேட்டது 164 சொற்களில் தொண்ணூறாவது சொல்லுக்கு அப்பால் ஒளிந்திருந்தது. நெருப்பு என்று கத்த வேண்டிய இடத்தில் பூட்ஸ் கதை சொன்னால் யார் குற்றம்? வெளியே எடுத்துக் கழுவி வைக்கச் சொன்னேன். வழிகாட்டினேன். அவள் செய்யவில்லை.

நல்ல வாதம். எழுதி முடித்ததும் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு வாக்கியமும் தெளிவாக இருக்கிறது. ஏன் பிடிக்கவில்லை என்று தெரியவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி ‘தெளியாதவை’யில் ஆறு வாரம் ஆனவற்றை அழித்துவிடலாம் என்பது பலகை விதி ஒன்பது. நான் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். இதுவரை தட்டியதில்லை, அவற்றைச் சில சமயம் எடுத்துப் படித்து மகிழ்வேன். தட்டினால் விதிப்படி சரி. மே ஒன்பதிலிருந்து இருபதுக்கு ஆறு வாரம். கணக்கு சரியாக வருகிறது.

விதி ஒன்பதை எழுதியவன் நான்தான். எவ்வளவு தெளிவான விதி.

ஜூன் 19, திங்கள்

காப்பி குடிக்கும்போது ஹில்யே கேட்டாள்: “அந்தப் பெட்டியில மொத்தம் எத்தன இருக்கு?”

“முந்நூத்துப் பன்னெண்டு.”

“அதுல எத்தன கேள்வி?”

தெரியவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். முதல்முறையாக எல்லாவற்றையும் கடைசி வரை படித்தேன். கண் எரிகிறது. எழுத்து எவ்வளவு மோசம் என்பதில் என் கருத்து மாறவே இல்லை. ஒருவன் ‘கடல்’ என்ற சொல்லை மூன்று விதமாக எழுதியிருக்கிறான்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று ஏழு கேள்விகள். ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை. வாக்கியங்களுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

தட்டவில்லை.

ஜூன் 23, வெள்ளி

கூட்டம் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடத்தில். காப்பியும் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டும். குழுவில் மூன்று பேர், வுப்போ தலைமை. சுவரோரமாக இருபது வழிகாட்டிகள். கேஸ்கே முதல் வரிசையில், பேக்கரி உடுப்போடு, கையில் மாவு காயாமல் வந்திருந்தாள்.

என் கோட்டுப் பையில் நான்கு பக்க விளக்கம் இருந்தது. அதன் முதல் வாக்கியம், “பொறுப்பைப் பகிர்ந்து பார்க்கும்போது” என்று தொடங்கியது. மூன்று நாள் செதுக்கியது.

கேஸ்கேவிடம் கேட்டார்கள். “நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லலை” என்றாள். நகரத்திலிருந்து வந்த குழு உறுப்பினர் காகிதத்தைப் புரட்டி, “அப்படி ஒரு பதிவு இல்லைன்னு இங்க இருக்கும்மா” என்றார். மறுபடி அதே: “கேட்டேன்.” குரல் உயரவில்லை. அழவும் இல்லை. வேறு எதையும் சேர்க்கவும் இல்லை. ஒரு சொல். அதைவிடச் சுருக்கமாக நானே எழுதியிருக்க முடியாது.

எழுந்தேன். நாற்காலி சத்தம் போட்டது.

“இருக்கு” என்றேன். “நான்தான் எடுத்து உள்ள வச்சேன்.”

வுப்போ என் முகத்தையே பார்த்தார். “வாசி.”

விளக்கத்தை வாசிக்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பதிவை வாசித்தேன். மூச்சு விட ஓர் இடம் கிடையாது. பூட்ஸிலிருந்து மன்னிப்பு வரை ஒரே ஓட்டமாக ஓடவேண்டியிருந்தது. அப்புறம் என் பதிலையும் வாசிக்கச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் தாராளமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. மே மாதம் சிரித்த பதினான்கு பேரில் ஒன்பது பேராவது அந்தக் கூடத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் அப்போது காப்பிக் கோப்பையின் அடியில் ஏதோ தெரிந்தது.

டியார்ட்தான் முதலில் பேசினார். “இதுல உனக்கு என்னய்யா புரியல?”

படிக்கவில்லை என்றேன். நான்காம் வரி வரைக்கும்தான்.

“ஏன்?”

விளக்கம் பையில் இருந்தது. “நல்லா எழுதியிருக்கலைன்னு” என்றேன். சபையில் சொல்லும்போது அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தண்ணீர் தன் இடுப்பைத் தாண்டியதும் திரும்பாதது தவறு என்று கேஸ்கேவுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, உரிமம் நீடிக்கிறது. அகராதி நீக்கப்படுகிறது. இனிமேல் தடியில் உள்ள சென்டிமீட்டர். பெட்டியின் சாவியை நான் வுப்போவிடம் ஒப்படைக்க வேண்டும். இனி எந்த அறிக்கையும் பலகையில் ஏறுமுன் கேஸ்கே படித்து, தனக்குப் புரிகிறது என்று சொல்ல வேண்டும். வுப்போவின் யோசனை. “அவளுக்குப் புரிஞ்சா கடலுக்கு வர்ற எல்லாருக்கும் புரியும்” என்றார். அவளைப் பாராட்டினாரா என்று சரியாகத் தெரியவில்லை. அந்த மனிதர் எதைத்தான் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

வெளியே சைக்கிள் நிறுத்தத்தில் அவள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை, முற்றுப்புள்ளி இருந்திருக்காது.

“நான் மறுபடியும் கேட்டிருக்கணும் சார்” என்றாள். “அன்னிக்குக் காலையில உங்க அறிக்கையப் பாத்தப்பவே சந்தேகம்தான். போன எடுத்தேன். உங்க பேரப் பாத்ததும் வச்சுட்டேன். உங்ககிட்ட ரெண்டாந்தடவ கேக்கறத விட தண்ணியில எறங்கறது சுலபமாத் தோணிச்சு.”

சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

ஜூன் 24, சனி

அந்த வாக்கியத்தில் திருத்த எதுவும் இல்லை.

ஜூலை 6, வியாழன்

என் முதல் அறிக்கை கேஸ்கேவிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. ஆறு கேள்விகள். ‘மிதமான நீரோட்டம்’ என்றால் என்ன, ஆள் நிற்கமுடியுமா, கைபிடித்துப் போகணுமா? ‘அறுபது தப்படி’ யாருடைய தப்படி? கெட்டி மணல் எங்கே ஆரம்பிக்கிறது? எல்லாம் ஒரே வாக்கியத்தில், நடுவில் அவள் பேக்கரியில் அடுப்பு கெட்டுப்போன செய்தியோடு. எனக்கு இதெல்லாம் புரிகிறது என்பதே ஓர் அவமானம்.

கோபத்தில் பதில் எழுதத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு என்று எண்கூடப் போட்டுவிட்டேன். தப்படிக்கு வந்ததும் நின்றுவிட்டது. என் தப்படிதான். அவள் அன்று ஒழுங்காக அறுபது எண்ணி நடந்தாளே, அது என் கணக்கில் நாற்பத்தைந்துகூட வந்திருக்காது. நான் நின்ற இடத்தில் அவள் இறங்கவே இல்லை.

இதைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. வுப்போவுக்கு எழுதிப் போட்டேன். அவளுக்குத் தந்த கண்டிப்பை ரத்து செய்யச் சொன்னேன்.

ஜூலை 30, ஞாயிறு

கேஸ்கேவின் கண்டிப்பை ரத்து செய்துவிட்டார்கள். பலகையில் ஒரே இரைச்சல். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கிறார்கள். இன்று ஒருவன் கடல்நாய் கடிக்குமா என்று கேட்டிருக்கிறான். இருபத்து மூன்று பதில்கள், பதினெட்டு தவறு. வாசிக்கவே கூசுகிறது. ஃபிளாஸ்க் கிடைத்துவிட்டதாம், பச்சை மூடி இல்லாமல்.

செப்டம்பர் 5, செவ்வாய்

நேற்று தனியாகப் போய்வந்து அறிக்கை அனுப்பினேன். பதினோரு வரி, எல்லாம் சென்டிமீட்டரில், கம்பத்திலிருந்து மீட்டரில். கேஸ்கே நான்கு கேள்வி கேட்டிருக்கிறாள். மூன்றுக்கு உடனே பதில் எழுதினேன்.

நான்காவது: “மூணாவது ஓடை கெட்டி மணல்னு போட்டிருக்கீங்க அது தனியா போற ஒரு ஆளுக்கா, பத்துப் பேரு வரிசையா மிதிச்சுப் போனா கடைசியா வர்றவங்களுக்கும் கெட்டியாத்தான் இருக்குமா?”

பதினோரு வருடமாக இந்த ஓடைகளை எழுதுகிறேன். எப்போதும் முன்னால் போனவன், அல்லது தனியாகப் போனவன்.

தெரியவில்லை என்று எழுதி அனுப்பினேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

நாளை காலை ஏழேகாலுக்குக் கடல் வற்றுகிறது. கேஸ்கே ஒன்பது பேரைக் கூட்டிப்போகிறாள். கடைசி ஆளாக நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.